வீட்டுக்குப் பெயிண்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வண்ணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரை அன்றைக்கே பார்த்து வேலையின் தரத்தைச் சொல்லிவிட முடியாது. அரைகுறையாகச் சுரண்டி அதன்மேல் அடித்த சுவரும், முழுவதும் சுரண்டி, பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் (பெயிண்டுக்குப் பிடிமானம் தரும் அடிப்பூச்சு) கொடுத்து அடித்த சுவரும் முதல் மாதத்தில் ஒரே மாதிரிதான் பளிச்சென்று இருக்கும். வித்தியாசம் வெளியே தெரிய ஒரு மழைக்காலமோ, சில சமயம் இரண்டு ஆண்டுகளோ ஆகும். அதற்குள் கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுத்திருப்போம். தனக்கு முந்தைய வேலைகளையெல்லாம் மூடிவிடுவதே பெயிண்டின் இயல்பு. ஆகவே பெயிண்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எவ்வளவு அழகாக அடிப்பார் என்பதைவிட, அடிப்பதற்கு முன்னால் சுவரில் என்ன செய்வார் என்பதையே விசாரிக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வரும்.

பெயிண்டரை அழைப்பதற்கு முன்பு உங்கள் சுவரை நீங்களே ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது. நிபுணர் ஆக வேண்டியதில்லை. வருபவர் சொல்வது சரியா என்று எடைபோடும் அளவுக்குத் தெரிந்தால் போதும். பழைய சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் மாவுபோல் ஒட்டினால், அந்தப் பூச்சு பிடிமானம் இழந்து பொடிந்துகொண்டிருக்கிறது. அதைக் கழுவியோ சுரண்டியோ எடுக்காமல் அதன்மேல் எதை அடித்தாலும் நிற்காது. அடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் பிளேடால் பெருக்கல் குறிபோல் கீறி, அதன்மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் பெயர்ந்து வந்தால், பழைய பூச்சை நம்பி மேலே அடிப்பது வீண் செலவு.

ஓதம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் எளிய வழி உண்டு. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டிச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, ஒருநாள் விட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில் நீர் கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய பக்கத்தில் மட்டும் நீர் இருந்தால், அது அறைக் காற்றின் ஈரப்பதம். முதலாவது கொத்தனாரோ பிளம்பரோ தீர்க்க வேண்டிய பிரச்சினை. இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். இரண்டுக்கும் பெயிண்ட் மருந்தாகாது. குளியலறைக்குப் பின்புறம் இருந்த ஒரு சுவர் உரிகிறது என்று மூன்று ஆண்டுகளில் இரண்டுமுறை அடித்துவிட்டு, கடைசியில் உள்ளே ஒரு குழாய் இணைப்பு கசிவதைக் கண்டுபிடித்தவன் நான். இரண்டுமுறையும் வந்தவர்கள் திறமையான கைக்காரர்கள்தாம். ஆனால் ஏன் உரிகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வருகையில் கவனிக்க வேண்டியவை

பெயர்களைச் சேகரிப்பதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. அண்டை வீட்டாரிடமும், அண்மையில் வேலை முடித்த உறவினரிடமும், பெயிண்ட் கடையிலும் கேட்டால் நாலைந்து பெயர்கள் கிடைத்துவிடும். கடைக்காரர் தரும் பெயரில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அவருக்குத் தெரிந்தது யார் நிறையப் பெயிண்ட் வாங்குகிறார்கள் என்பதுதான். யார் நன்றாக அடிக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். கிடைத்த பெயர்களிலிருந்து குறைந்தது மூன்று பேரையாவது வீட்டுக்கே வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டைப் பார்க்காமலே, அறைகளின் எண்ணிக்கையைக் கேட்டுத் தொலைபேசியில் ஒரு தொகையைச் சொல்லுகிறவரை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். சுவரின் நிலை தெரியாமல் சொல்லும் தொகை, பின்னால் கூடும். அல்லது வேலை குறையும்.

வந்தவரின் கை முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். வண்ண அட்டையை எடுத்து நீட்டுகிறாரா, சுவரைத் தட்டிப் பார்க்கிறாரா? நல்ல பெயிண்டர் ஜன்னலின் கீழ் மூலையைத் தொட்டுப் பார்ப்பார், விரிசலில் நகத்தை விட்டுப் பார்ப்பார், சுவரை விரல்முட்டியால் தட்டிப் பூச்சு உள்ளே பிரிந்து ‘பொத் பொத்’ என்று ஒலிக்கிறதா என்று கேட்பார், கடைசியாக எப்போது அடித்தது, அப்போது என்ன அடித்தது என்று விசாரிப்பார். கடைசிக் கேள்வி முக்கியமானது. பழையது சுண்ணாம்பா, டிஸ்டம்பரா, எமல்ஷனா, எண்ணெய் சார்ந்த எனாமலா என்பதைப் பொறுத்து மேலே செய்ய வேண்டியது முற்றிலும் மாறும். சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் பொடியும் தன்மையுள்ளவை, அவற்றைச் சுரண்டியெடுக்காமல் எமல்ஷன் அடித்தால் அந்தப் பொடியோடு சேர்ந்தே எமல்ஷனும் பாளம் பாளமாக உரியும். வழுவழுப்பான எனாமல்மேல் அடிப்பதானால், பிடிமானம் கிடைக்கும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்க வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. பதிலைவிட, பதில் வரும் விதத்தையே கூர்ந்து கவனியுங்கள். உரிந்த இடத்தைக் காட்டி, “இது ஏன் இப்படி ஆனது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “ஒரு கோட் சேர்த்து அடித்தால் சரியாகிவிடும்” என்ற பதில், அவர் காரணத்தைத் தேடுகிறவர் இல்லை என்பதைக் காட்டும். “மேலே கசிவு இருக்கிறதா பாருங்கள், அதைச் சரிசெய்து சுவர் காய்ந்த பிறகுதான் நான் கை வைப்பேன்” என்று சொல்லித் தன் வேலையைத் தானே தள்ளிப்போடுகிறவரை நம்பலாம். “பிரைமரை விட்டுவிட்டால் செலவு குறையுமே” என்றும் கேட்டுப் பாருங்கள். இதற்குச் சரியான பதில் ‘கூடாது’ என்ற ஒற்றைச் சொல் இல்லை. உறுதியாக இருக்கும் பழைய எமல்ஷன்மேல் அதே வகையை அடிக்கும்போது சுவர் முழுவதும் பிரைமர் தேவைப்படாமல் போகலாம், பட்டி வைத்த இடங்களுக்கும் சுரண்டிய இடங்களுக்கும் மட்டும் கொடுத்தால் போதும். புதுச் சிமெண்ட் பூச்சிலோ, முழுப் பட்டி வைத்த சுவரிலோ பிரைமர் இல்லாமல் அடித்தால், சுவர் பெயிண்டை ஒரே சீராக உறிஞ்சாது, திட்டுத்திட்டாகத் தெரியும். இந்த வேறுபாட்டைத் தம் சொந்தச் சொற்களில் விளக்கத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியும்.

அவசரத்தை வைத்தும் ஆளைச் சோதிக்கலாம். “நாளைக்கே இரண்டு கோட்டும் முடித்து அறையைக் கொடுத்துவிட முடியுமா?” என்று கேளுங்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷனுக்கு இரண்டு கோட்டுக்கு நடுவே பொதுவாக நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்; எண்ணெய் சார்ந்த எனாமலுக்கு ஓர் இரவு முழுவதும் விட வேண்டும்; காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இன்னும் நேரம் பிடிக்கும். புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரானால் குறைந்தது 28 நாட்களாவது காயவிட வேண்டும். ஈரமும் சிமெண்டின் காரத்தன்மையும் நிறைந்த, காயாத பூச்சின்மேல் அடித்தால் நிறம் வெளுக்கும், எண்ணெய் சார்ந்த பெயிண்ட் பிசுபிசுத்துப் பெயரும். எல்லாவற்றுக்கும் ‘முடியும்’ என்று தலையாட்டுகிறவரைவிட, ‘முடியாது, ஏனென்றால்’ என்று தொடங்குகிறவரே மேல்.

முன்பு செய்த வேலையை நேரில் பார்ப்பது

கைபேசியில் காட்டும் படங்களுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை. வேலை முடிந்த மாலையில் எடுத்த படத்தில் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். அது அவர் அடித்த சுவர்தானா என்பதற்கும் சாட்சி இல்லை. பெயிண்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு முகவரிகள்: இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர் முடித்த ஒரு வீடு, இப்போது வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு வீடு. பெரும்பாலானவர்கள் போன மாதம் முடித்த வீட்டைத்தான் காட்ட விரும்புவார்கள். பழைய வீடு ஒன்றைக்கூடக் காட்ட முடியாதவர் தொழிலுக்குப் புதியவராக இருக்கலாம். பழைய வாடிக்கையாளர்களிடம் அவருக்கு முகம் கொடுக்க முடியாமலும் இருக்கலாம்.

பழைய வீட்டில் நடுச்சுவரைப் பார்ப்பதில் பயனில்லை. ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் இடம், குளியலறையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதி, மேற்கூரையும் சுவரும் சந்திக்கும் கோடு, கதவின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும், சுவிட்ச் பலகையின் ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். கதவின் மேல்விளிம்பு யார் கண்ணிலும் படாது என்பதால், சோம்பலான பெயிண்டர் அதை அப்படியே விட்டுவிடுவார். மரம் அந்த வழியாக ஈரத்தை உறிஞ்சி உப்பும். கீல்களிலும் திருகுகளிலும் பெயிண்ட் அப்பியிருந்தால், கழற்ற வேண்டியதைக் கழற்றாமல், மறைக்க வேண்டியதை மறைக்காமல் அடித்திருக்கிறார் என்று அர்த்தம். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் நேரத்தில் சுவரையொட்டி நின்று பார்த்தால், பட்டியின் மேடுபள்ளங்களும் ரோலரின் தடங்களும் நிழலாகத் தெரியும்.

வீட்டுக்காரரிடம் ‘நன்றாக அடித்தாரா’ என்று கேட்டால் ‘நன்றாகத்தான் அடித்தார்’ என்றே பதில் வரும். சொன்ன தொகைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், ஏன்? நடுவில் வேறு வேலைக்குப் போய் எத்தனை நாள் வராமல் இருந்தார்? முடிந்த பிறகு ஒரு குறையைச் சொல்லி அழைத்தபோது வந்தாரா? இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்குக் கிடைக்கும் பதில் மற்ற இரண்டையும்விடக் கனமானது. தவறே நேராத பெயிண்ட் வேலை கிடையாது. திரும்பி வந்து சரிசெய்கிறாரா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டி நேரம் குறிக்காமல் போக முடிந்தால் இன்னும் நல்லது. தரையையும் சாமான்களையும் மூடியிருக்கிறார்களா, பிரஷ்களைக் கழுவி வைக்கிறார்களா, பட்டியைத் தேய்த்த தூசியைத் துடைத்துவிட்டு அடிக்கிறார்களா, உயரத்தில் வேலை செய்பவருக்குச் சாரமும் பாதுகாப்பு இடைக்கச்சையும் இருக்கின்றனவா என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உங்களிடம் பேசிய மேஸ்திரி அங்கே இருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பேசுகிறவர் ஒருவர், அடிக்கிறவர்கள் வேறு சிலர் என்பது இந்தத் தொழிலில் சகஜம், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யார் அடிப்பார்கள், மேஸ்திரி நாளுக்கு எத்தனை மணி நேரம் இருப்பார் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உரிமமோ தொழிலாளர் காப்பீடோ கட்டாயமாக உள்ள இடங்களில் அவற்றின் நகலைக் கேட்டு வாங்கி, காலாவதி தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு என்ற பேச்சு, அவர் ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும்.

பல அடுக்குப் பெயிண்ட் ஏறிய பழைய வீடுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முற்காலப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயப் பெயிண்டை அமெரிக்கா 1978-இல் தடை செய்தது, வேறு பல நாடுகளில் கட்டுப்பாடு அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தது. அப்படிப்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தாலோ, தீயால் சுட்டு உரித்தாலோ எழும் தூசியும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. பெயிண்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். நனைத்துத் தேய்ப்போம், அறையை மூடிவைப்போம், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்போம் என்று சொல்பவருக்கு விஷயம் தெரியும்.

தொகையை ஒப்பிடுவது

மூன்று பேரும் மூன்று விதமான வேலையை மனதில் வைத்துக்கொண்டு சொன்ன மூன்று தொகைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. எத்தனை கோட் பட்டி, என்ன பிரைமர், எந்த வகைப் பெயிண்ட், எத்தனை கோட், கதவு ஜன்னல்கள் சேர்த்தா, மேற்கூரை சேர்த்தா என்று ஒரு தாளில் நீங்களே எழுதி, அந்த ஒரே தாளை மூவருக்கும் கொடுத்து, அதற்குரிய தொகையை எழுதி வாங்க வேண்டும். கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். நேரம் இருந்தால் பொருளை நீங்களே வாங்கிக்கொண்டு கூலிக்கு மட்டும் விடுவதையே நான் பரிந்துரைப்பேன். எத்தனை லிட்டர் சுவருக்குப் போனது என்பதை அப்போதுதான் நீங்கள் அறிவீர்கள்.

அந்த லிட்டர் கணக்கைப் போடத் தெரிந்தால் பாதி ஏமாற்றங்கள் குறையும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 14 மீட்டர். அதை உயரத்தால் பெருக்கினால் சுவர்ப்பரப்பு 42 சதுர மீட்டர். ஒரு கதவுக்கும் ஒரு ஜன்னலுக்குமாக ஏறத்தாழ 3 சதுர மீட்டரைக் கழித்தால் 39 வரும். நல்ல எமல்ஷன் வழவழப்பான சுவரில் ஒரு லிட்டருக்கு ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் பரவும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கோட்டுக்கு 8 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். சரியான பரவல் அளவு டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். சொரசொரப்பான சுவரில் அது குறையும். இந்த அறைக்கு 4 லிட்டர் போதும் என்று ஒருவர் சொன்னால், ஒன்று ஒரே கோட்டோடு நிறுத்தப்போகிறார், அல்லது அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றப்போகிறார். 14 லிட்டர் கேட்டால், மிச்சம் எங்கே போகும் என்று நீங்கள் கேட்கலாம். மிகக் குறைந்த தொகை சொன்னவரை உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அவர் எந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அந்தத் தொகைக்கு வந்தார் என்று கண்டுபிடிக்காமல் அவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் சுரண்டுவதும் தேய்ப்பதும்தான் அங்கே காணாமல் போயிருக்கும், ஏனென்றால் கூலியில் பெரும்பங்கை விழுங்குபவை அவைதாம்.

இறுதியாக ஒருவரை முடிவு செய்த பிறகும், முழு வீட்டையும் ஒப்படைப்பதற்கு முன், ஒரு சிறிய அறையையோ ஒரு சுவரையோ எல்லாக் கட்டங்களோடும் முடித்துக் காட்டச் சொல்லலாம். பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் அதைப் பாருங்கள். நிறத்தைப் பற்றி மனம் மாறுவதானாலும் அதுதான் மாற வேண்டிய நேரம்.

எழுதிக்கொள்ள வேண்டியவை

நம்பிக்கையானவரிடம் எழுதி வாங்குவது அவமரியாதை என்று பலர் தயங்குகிறார்கள். எழுத்து இருவருடைய நினைவுக்கும் உதவுவது. நல்ல பெயிண்டர்கள் அதை வரவேற்கவே செய்கிறார்கள், ஏனென்றால் ‘அப்படியே இந்த கேட்டையும் அடித்துவிடுங்கள்’ என்ற கூலியில்லாத கூடுதல் வேலையிலிருந்து அது அவர்களையும் காப்பாற்றும். ஒவ்வோர் அறைக்கும் செய்ய வேண்டிய கட்டங்கள், பெயிண்டின் நிறுவனம், வகை, நிற எண், தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும், சாரச் செலவு யாருடையது, சாமான்களை நகர்த்தி மூடுவது யார், தினமும் துப்புரவு செய்வது யார், கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு என்பவை அதில் இருக்க வேண்டும்.

உத்தரவாதத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். பெயிண்ட் நிறுவனங்கள் டப்பாவில் குறிப்பிடும் ஆண்டுக்கணக்கு பொருளுக்கானது. அதுவும் அவர்கள் சொன்ன முறைப்படி அடித்திருந்தால் மட்டுமே செல்லும். அடித்தவருடைய வேலைக்கு அவர்தாம் பொறுப்பேற்க வேண்டும். உரிந்தாலோ உப்பினாலோ ஓர் ஆண்டுக்குள் வந்து சரிசெய்து தருகிறேன் என்ற ஒற்றை வரி, வாயால் சொன்ன பத்தாண்டு உத்தரவாதத்தைவிடப் பயன்படும்.

பணத்தைக் கட்டங்களோடு இணைத்துக் கொடுங்கள். முன்பணம் பத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். சுரண்டலும் பட்டியும் பிரைமரும் முடிந்து, இறுதிக் கோட்டுகள் தொடங்குவதற்கு முன் ஒரு தவணை கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்காகவாவது அந்தக் கட்டத்தில் உங்களை அழைத்துக் காட்டுவார்கள், மறைந்துபோகவிருக்கும் வேலையை நீங்களும் பார்த்துவிடுவீர்கள். அன்றைக்குச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள், கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், தூசி கையில் வருகிறதா என்று பாருங்கள். அங்கே கண்டுபிடித்த குறையை உப்புத்தாளால் கால் மணி நேரத்தில் சரிசெய்யலாம்; இரண்டு கோட் எமல்ஷனுக்குப் பிறகு கண்டுபிடித்தால் சுவரையே மறுபடி அடிக்க வேண்டும். டப்பாக்களை உங்கள் முன்னிலையில் முத்திரை உடைக்கச் சொல்லுங்கள், எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று டப்பாவில் உள்ளதைப் படித்துவிடுங்கள், வேலை முடியும்வரை காலி டப்பாக்களை வெளியே போகவிடாதீர்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கேட்பவர், இன்றைக்கே முடிவு செய்தால்தான் இந்தத் தொகை என்பவர், வேறு வீட்டில் மிச்சமான பெயிண்ட் இருக்கிறது, மலிவாக முடித்துவிடலாம் என்பவர் ஆகியோரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்திருந்து, சாமான்களை உள்ளே கொண்டுவருவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் மேஸ்திரியோடு அறை அறையாக நடந்து பாருங்கள். குறை தெரியும் இடத்தில் சுவரில் எழுதாமல், எளிதில் உரியும் சிறு டேப் துண்டை ஒட்டிக்கொண்டே போனால், அவர்கள் டச்சப் செய்யும்போது எந்த இடமும் விடுபடாது. எல்லாத் துண்டுகளும் போன பிறகு கணக்கை முடியுங்கள். மிச்சமான பெயிண்டை அவர்கள் எடுத்துப்போகும் முன் கேட்டு வாங்கி, மூடியை இறுக அடைத்து, அறையின் பெயர், நிற எண், தேதி ஆகிய மூன்றையும் மூடியின்மேல் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைக்கும்போது அது தேவைப்படும்.